ஒளியால் அளக்கும் கோல்

நுழையும்முன்

கட்டடம் எழுப்புவோர் கையிலும் ஆலைகளின் இயந்திரங்களிலும் இன்று லேசர் தொலைவுணரி இடம்பெற்றுள்ளது. பொத்தானை அழுத்திய அளவில் தொலைவை எண்ணாகக் காட்டும் இக்கருவியைக் கையாள்வோர் இரண்டைக் காக்க வேண்டும். ஒன்று, தம்முடையதும் பிறருடையதுமான கண். மற்றொன்று, அளவின் உண்மை. ஒளிக்கற்றை செல்லும் பாதையை முழுவதும் அறிந்திருத்தல் என்னும் ஒரே பழக்கம் இவ்விரண்டையும் காக்கும் வகையை இப்பாடம் விளக்குகிறது.

நூலிலிருந்து ஒளிக்கு

‘நூல் பிடித்தல்’ என்பது கட்டடத் தொழிலில் வழங்கும் பழந்தொடர். இரு முனைகளில் முளையடித்து, இடையே நூலை இழுத்துக் கட்டி, அதனை ஒட்டிக் கல் அடுக்குவது கொத்தனாரின் வழக்கம். நண்பகலில் கோலின் நிழலைக் கொண்டு திசையைத் தெளிந்து, நூலிட்டு அளந்து, அரண்மனைக்கு இடம் வகுத்த வல்லுநர்களைச் சங்க இலக்கியமாகிய நெடுநல்வாடை காட்டுகிறது. நேர்கோடு ஒன்றை முதலில் நிறுவிக்கொண்டு, பின்னரே அளக்கத் தொடங்க வேண்டும் என்னும் தெளிவு நம் முன்னோரிடம் இருந்ததற்கு அப்பகுதி சான்றாகும்.

நூலுக்குச் சில குறைகள் உண்டு. நீளம் கூடினால் அது நடுவே தொய்யும்; காற்றில் ஆடும்; ஆழமான குழியின் மீதும் இயங்கும் இயந்திரத்தின் குறுக்கும் அதனை இழுத்துக் கட்ட இயலாது. ஒளிக்கு இக்குறைகள் இல்லை. ஆயினும், விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுவதால் அதனை நூலாகப் பயன்படுத்த முடியவில்லை. 1960 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தியோடர் மெய்மன் என்னும் அறிவியலாளர், செயற்கை மாணிக்கப் படிகத்தைக் கொண்டு உலகின் முதல் லேசரை ஒளிரச் செய்தார். ஏறத்தாழ ஒரே அலைநீளம் கொண்டு, மிகக் குறைவாகவே விரிந்து, ஒரே திசையில் செல்லும் ஒளி மனிதனுக்குக் கிட்டியது. தொய்யாத நூல் ஒன்று இவ்வாறு கைக்கு வந்தது.

ஒளி அளக்கும் முறை

லேசர் தொலைவுணரியின் முகப்பில் இரண்டு சாளரங்கள் இருக்கும். ஒன்றிலிருந்து ஒளிக்கற்றை புறப்படுகிறது. அது எதிரேயுள்ள பரப்பில் பட்டுச் சிதறுகிறது. சிதறிய ஒளியின் சிறு பகுதி திரும்பி வந்து மற்றொரு சாளரத்தின் வழியே உட்புகுகிறது. புறப்பட்டதையும் திரும்பியதையும் ஒப்பிட்டுக் கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. இதற்கு மூன்று முறைகள் உள்ளன.

முதலாவது, நேரத்தை அளக்கும் முறை. ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடிக்கு 29,97,92,458 மீட்டர் செல்கிறது. ஒரு மீட்டர் தொலைவு சென்று திரும்ப அது எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 6.67 நானோ நொடி. நானோ நொடி என்பது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டை இம்முறையில் பிரித்தறிய வேண்டுமாயின், அந்த நேரத்திலும் ஆயிரத்தில் ஒரு பங்கை அளந்தாக வேண்டும்.

இரண்டாவது, அலைகளின் ஒப்பீட்டு முறை. ஒளியின் செறிவைச் சீரான அலைபோல் ஏற்றியும் இறக்கியும் அனுப்பி, திரும்பிவரும் அலை எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பதைக் காண்பது இது. கையில் பிடித்து அளக்கும் கருவிகள் பல இம்முறையில் இயங்குகின்றன.

மூன்றாவது, முக்கோண முறை. ஒளி பட்ட புள்ளியைக் கருவி சற்றுச் சாய்ந்த கோணத்தில் நோக்குகிறது. பரப்பு அருகில் வந்தாலும் விலகினாலும் அப்புள்ளியின் பிம்பம் உள்ளிருக்கும் ஒளியுணரியின் மீது இடம் மாறுகிறது. அந்த இடமாற்றத்திலிருந்து தொலைவு கணக்கிடப்படுகிறது. ஆலைகளில் தகட்டின் தடிமன் போன்ற சிறு அளவுகளை நுட்பமாக அறிய இம்முறை பயன்படுகிறது.

மூன்று முறைகளுக்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. ஒளி சென்ற பாதையின் நீளத்தையே கருவி அறியும். அந்தப் பாதை நாம் அளக்கக் கருதிய பாதைதானா என்பது கருவிக்குத் தெரியாது. அதனை உறுதிசெய்வது கையாள்பவரின் கடமை.

கண்ணுக்கு நேரும் ஊறு

தொலைவுணரியில் உள்ள லேசரின் திறன் பெரும்பாலும் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவே. வீட்டு மின்விளக்கின் திறனோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. அவ்வாறிருக்க, இதற்கு ஏன் அஞ்ச வேண்டும் என்னும் ஐயம் எழலாம். விடை நம் கண்ணின் அமைப்பிலேயே உள்ளது.

மின்விளக்கின் ஒளி அறை முழுவதும் பரவுகிறது. அதன் மிகச் சிறு பங்கே கண்ணுக்குள் நுழைகிறது. லேசர் கற்றையோ மெல்லியது; நேராக வந்தால் முழுவதும் கண்பாவைக்குள் புகுந்துவிடும். ஏறத்தாழ இணையாக வரும் அக்கதிர்களைக் கார்னியாவும் விழிவில்லையும் சேர்ந்து விழித்திரையின் மீது மிக நுண்ணிய புள்ளியாகக் குவிக்கின்றன. இருளில் நன்கு விரிந்த கண்பாவையில் நுழையும் ஒளியின் செறிவு, விழித்திரையை அடையும்போது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு உயர்கிறது. பொருள்களைத் தெளிவாகக் காட்டும் விழிவில்லையின் ஆற்றலே இங்கு ஊறு விளைவிக்கும் ஆற்றலாக மாறிவிடுகிறது.

விழித்திரைக்கு வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. எனவே, ஊறு நேர்ந்ததை உடனே அறியாமலும் போகலாம். அழிந்த பார்வைச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. தோலில் பட்ட சிறு தீப்புண் ஆறிவிடும். விழித்திரையின் நடுவில் பட்ட புண் வாழ்நாள் முழுவதும் பார்வையில் கரும்புள்ளியாக நின்றுவிடக்கூடும்.

கண்ணுக்குப் புலப்படும் ஒளி அதிக வெளிச்சத்தோடு பட்டால் நாம் தன்னியல்பாக இமையை மூடி முகத்தைத் திருப்புகிறோம். இச்செயல் ஏறத்தாழ கால் நொடிக்குள் நிகழ்கிறது. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே, இமை மூடும் காப்பும் அங்கே இல்லை. ஏறத்தாழ 1400 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு அலைகள் விழித்திரை வரை சென்று குவிகின்றன. நெடுந்தொலைவு அளக்கும் கருவிகள் பலவற்றில் 905 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி பயன்படுகிறது. ஒளி தெரியவில்லை என்பதால் ஒளி இல்லை என்று கருதிவிடுதல் கூடாது.

வகைகளை அறிதல்

லேசர் கருவிகளை அவற்றின் ஊறு விளைக்கும் தன்மைக்கேற்ப வகைப்படுத்தும் பன்னாட்டுத் தரநிலை உள்ளது. ஒவ்வொரு கருவியின் மீதும் அதன் வகையைக் குறிக்கும் ஒட்டுச்சீட்டு இருக்கும். கருவியைக் கையில் எடுத்ததும் முதலில் படிக்க வேண்டியது அதனையே.

வகை 1: இயல்பான பயன்பாட்டில் ஊறு விளைவிக்காதது.

வகை 2: கண்ணுக்குப் புலப்படும் ஒளியை உடையது. தொடர்ந்து ஒளிர்வதாயின் அதன் திறன் ஒரு மில்லிவாட்டுக்கு மேற்படாது. இமை மூடும் இயல்பே இதற்குக் காப்பு. வேண்டுமென்றே உற்று நோக்கினால் அக்காப்பு பயனற்றதாகும். கையில் பிடித்து அளக்கும் கருவிகள் பெரும்பாலும் இவ்வகையின.

வகை 1எம், 2எம்: வெறுங்கண்ணுக்கு முறையே 1, 2 ஆம் வகைகளை ஒத்தவை, தொலைநோக்கி போன்ற கருவிகள் வழியாக நோக்கினால் ஊறு விளைவிக்கக்கூடியவை.

வகை 3ஆர்: புலப்படும் ஒளியில் 5 மில்லிவாட் வரை திறனுடையது. கற்றையை நேரே நோக்குதல் கண்ணுக்குத் தீங்கு தரலாம்.

வகை 3பி, 4: நேர்க்கற்றையும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கற்றையும் கண்ணைக் கெடுக்கும். நான்காம் வகையில் சிதறிய ஒளியும் தீங்கு தரும், தோலைச் சுடும், தீயையும் மூட்டவல்லது. தகுந்த பயிற்சி பெறாதோர் இவற்றைத் தொடுதல் கூடாது.

இவ்வகைப்பாடு மூடிய நிலையில் உள்ள கருவிக்கே பொருந்தும். கருவியின் கூட்டைத் திறந்தால், உள்ளிருக்கும் லேசரின் முழுத் திறனும் வெளிப்படக்கூடும். ஆதலால், பழுது நேர்ந்தாலும் நாமாகத் திறந்து பார்த்தல் கூடாது.

கையாளும் முறைமை

கருவியை இயக்கும் முன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். கற்றை எங்கிருந்து புறப்படுகிறது? எதன் மீது படுகிறது? அங்கே படாமல் தவறினால் எங்கே சென்று முடியும்? மூன்றாவது வினாவே பலரும் மறப்பது. அளக்கப்படும் தகடு சற்று விலகினால், கற்றை அதனைக் கடந்து அடுத்த அறைக்கோ சாலைக்கோ செல்லலாம். எனவே, தகட்டுக்குப் பின்னால் சுவரோ, ஒளியை எதிரொளிக்காத பலகையோ இருத்தல் நன்று.

நின்றவர், அமர்ந்தவர் ஆகியோரின் கண்மட்டத்துக்கு மேலோ கீழோ கற்றை செல்லுமாறு கருவியைப் பொருத்த வேண்டும். கற்றையின் பாதையில் கண்ணாடி, பளபளப்பான எஃகு, மெருகூட்டிய தரை ஆகியவை இருந்தால் அவற்றை மூட வேண்டும். அவற்றில் பட்ட கற்றை எதிர்பாராத திசையில் திரும்பும். கைக்கடிகாரம், மோதிரம் ஆகியவையும் சிறு கண்ணாடிகளே; கற்றைக்குள் கைநீட்டிப் பணியாற்றும் முன் அவற்றைக் கழற்றி வைக்க வேண்டும்.

இருவர் சேர்ந்து பணியாற்றும்போது, கருவியருகில் இருப்பவர் உரக்க அறிவித்து, எதிர்முனையில் இருப்பவரின் மறுமொழியைப் பெற்ற பின்னரே ஒளியை இயக்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் பக்கவாட்டில் நின்று, அட்டையில் விழும் புள்ளியை நோக்க வேண்டுமேயன்றிக் கருவியை நோக்குதல் கூடாது. கருவி ஒளிர்கிறதா என்பதை அறியச் சாளரத்துக்குள் குனிந்து பார்ப்பது பெருந்தவறு. வெள்ளைத்தாளைக் குறுக்கே நீட்டினால் போதும். புலப்படாத ஒளியாயின், அதனைக் காட்டுவதற்கென்றே அமைந்த அட்டை உண்டு. சாளரத்தைத் துடைப்பதாயின் மின்னிணைப்பை நீக்கிய பின்னரே மென்துணியால் துடைக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

கட்டடப் பணிக்கான லேசர் கருவிகளுடன் சில வேளைகளில் சிவப்புக் கண்ணாடி ஒன்று வழங்கப்படுகிறது. வெளிச்சமான இடத்தில் சிவப்புப் புள்ளி தெளிவாகத் தெரிவதற்காகவே அஃது அமைக்கப்பட்டது. அது சிவப்பு ஒளியைத் தடுப்பதில்லை; மாறாக, உள்ளே விடுகிறது. கண்ணைக் காக்கும் கண்ணாடி வேறு. அது குறிப்பிட்ட அலைநீளத்தைத் தடுக்குமாறு செய்யப்பட்டு, அவ்வலைநீளம் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும்.

நேர்ப்படுத்துதல்

ஆலை ஒன்றில் தண்டவாளத்தின் மீது வண்டி ஒன்று முன்னும் பின்னும் செல்கிறது எனக் கொள்வோம். வண்டி எங்கே நிற்கிறது என்பதை அறியத் தண்டவாளத்தின் ஒரு முனையில் தொலைவுணரியும் வண்டியின் மீது வெண்ணிறத் தகடும் பொருத்தப்பட்டுள்ளன. கற்றை தண்டவாளத்துக்கு இணையாகச் செல்ல வேண்டும். சற்றே சாய்ந்தாலும் கருவி நேர்த்தொலைவைக் காட்டாது, சாய்ந்த பாதையின் நீளத்தையே காட்டும்.

இதனை முக்கோணவியல் தெளிவாக்கும். உண்மைத் தொலைவைச் சாய்கோணத்தின் கொசைன் மதிப்பால் வகுத்தால் கிடைப்பதே கருவி காட்டும் அளவு. உண்மைத் தொலைவு 10 மீட்டர் எனில், 1 பாகை சாய்வில் பிழை 1.5 மில்லிமீட்டர், 5 பாகையில் 38 மில்லிமீட்டர், 10 பாகையில் 154 மில்லிமீட்டர். சாய்வு பத்து மடங்கானபோது பிழை ஏறத்தாழ நூறு மடங்காகிறது. சாய்வு எத்திசையில் இருப்பினும் இப்பிழை அளவைக் கூட்டுமேயன்றிக் குறைப்பதில்லை. ஆகவே, பலமுறை அளந்து சராசரி கண்டாலும் அது நீங்காது.

ஒரு பாகைச் சாய்வைக் கண்ணால் அறிய முடியுமா? கருவியைப் பார்த்து அறிவது அரிது. தகட்டில் விழும் புள்ளியைப் பார்த்து அறிவது எளிது. 10 மீட்டர் தொலைவில் ஒரு பாகைச் சாய்வு புள்ளியை 17.5 சென்டிமீட்டர் நகர்த்திவிடும். பிழையோ வெறும் 1.5 மில்லிமீட்டர். பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்வும் புள்ளியை 1.75 சென்டிமீட்டர் நகர்த்தும். அப்போது எழும் பிழை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைக் கூட எட்டாது. புள்ளி இடம் மாறாமல் பார்த்துக்கொண்டால், அளவு தானே செம்மைப்படும். நேர்ப்படுத்தும் முறை முழுவதும் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது.

படிநிலைகள்

முதலில், கருவியை அதிர்வில்லாத உறுதியான தாங்கியில் பொருத்த வேண்டும். மெல்லிய தகட்டால் ஆன தாங்கி, இயந்திரம் இயங்கும்போது நடுங்கும். அந்நடுக்கம் அளவிலும் தோன்றும்.

இரண்டாவதாக, வண்டியைக் கருவியின் அருகில் கொண்டுவந்து, தகட்டில் ஒட்டிய தாளில் புள்ளி விழும் இடத்தைக் குறிக்க வேண்டும்.

மூன்றாவதாக, வண்டியைத் தொலைமுனைக்குத் தள்ளி, புள்ளி எப்பக்கம் நகர்ந்துள்ளது எனக் காண வேண்டும். தாங்கியின் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் புள்ளியைக் குறித்த இடத்துக்கே கொண்டுவர வேண்டும். முதலில் இடவலமாகவும் பின்னர் மேல்கீழாகவும் திருத்துதல் குழப்பத்தைத் தவிர்க்கும்.

நான்காவதாக, வண்டியை மீண்டும் அருகில் கொண்டுவர வேண்டும். திருகியதால் அருகிலுள்ள புள்ளியும் சற்று இடம் மாறியிருக்கும். புதிய இடத்தைக் குறித்து, மீண்டும் தொலைமுனையில் திருத்த வேண்டும். இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தால் இருமுனையிலும் புள்ளி ஒரே இடத்தில் நிற்கும்.

ஐந்தாவதாக, திருகுகளை முற்றும் இறுக்கிய பின் மறுபடியும் ஆராய வேண்டும். இறுக்கும்போதே கருவி சற்றுத் திரும்பிவிடுவது உண்டு.

இறுதியாக, எஃகு நாடாவால் அளந்த மூன்று இடங்களில் வண்டியை நிறுத்தி, கருவி காட்டும் அளவோடு ஒப்பிட வேண்டும். மூன்று இடங்களிலும் வேறுபாடு ஒன்றாகவே இருந்தால், கருவி எந்த விளிம்பிலிருந்து அளக்கிறது என்பதில் பிழை உள்ளது. தொடக்கப்புள்ளியைத் திருத்தினால் போதும். தொலைவு கூடக்கூட வேறுபாடும் கூடினால், கற்றை சாய்ந்திருக்கக்கூடும். படிநிலைகளை மீண்டும் தொடங்க வேண்டும். பிழையின் போக்கு அதன் காரணத்தையும் சுட்டுகிறது.

கையில் பிடித்து அளக்கும் கருவிக்கும் இது பொருந்தும். அத்தகைய கருவி தன் பின்விளிம்பிலிருந்தோ முன்விளிம்பிலிருந்தோ அளக்குமாறு மாற்றத்தக்கது. எவ்விளிம்பு என்பதைத் திரையில் பார்க்காமல் அளந்தால், கருவியின் நீளமே பிழையாகிவிடும்.

பரப்பின் இயல்பு

பாதை நேராக இருப்பினும், பரப்பு ஒத்துழைக்காவிடில் அளவு பிழைபடும். மங்கலான வெண்பரப்பு ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்வதால் அளத்தற்கு ஏற்றது. கரும்பரப்பு ஒளியை உட்கொள்ளும். திரும்பி வருவது குறையும். கண்ணாடி ஒளியை ஊடுருவவிடும். அதன் பின்னுள்ள பொருளின் தொலைவைக் கருவி காட்டக்கூடும். பளபளப்பான உலோகம் ஒளியை வேறு திசைக்குத் திருப்பிவிடும். அது கண்ணுக்கும் தீங்கு, அளவுக்கும் தீங்கு. அத்தகைய இடங்களில் மங்கலான வெள்ளை அட்டையைப் பொருத்தி அளப்பது எளிய தீர்வு.

புள்ளி பொருளின் விளிம்பில் விழுந்தால், ஒளியின் ஒரு பகுதி பொருளிலிருந்தும் மறுபகுதி பின்னுள்ள சுவரிலிருந்தும் திரும்பும். காட்டப்படும் அளவு இரண்டுக்கும் பொருந்தாததாக அமையலாம். முக்கோண முறைக் கருவியில் மற்றொன்றையும் கருத வேண்டும். பள்ளத்தின் அடியை அளக்கும்போது பள்ளத்தின் சுவர் திரும்பிவரும் ஒளியை மறைக்கலாம். கருவியை ஒரு கால்வட்டம் திருப்பிப் பொருத்தினால், நீண்ட பள்ளத்தின் நெடுகே ஒளி தடையின்றித் திரும்பும்.

தெரியுமா?

1969 ஆம் ஆண்டு அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் 100 சிறு பட்டகங்கள் கொண்ட எதிரொளிப்பான் ஒன்றை வைத்துத் திரும்பினர். வந்த திசையிலேயே ஒளியைத் திருப்பி அனுப்பும் அதனை நோக்கிப் புவியிலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தினால், அது ஏறத்தாழ இரண்டரை நொடியில் சென்று திரும்புகிறது. நிலவு ஆண்டுதோறும் ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிச் செல்வதை இவ்வளவீடுகள் உறுதிசெய்தன. 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் தரையிறங்கி, தரையிலிருந்து தன் உயரத்தை அறிய லேசர் உயரமானியையும் பயன்படுத்தியது.

கண்ணும் அளவும்

கற்றை சாயாமல் சென்றால் அளவு உண்மையாகிறது; தவறிய கற்றை எங்கே முடியும் என்பதை அறிந்தால் கண் காக்கப்படுகிறது. பளபளப்பான பரப்பை மூடிய கை, பிறர் பார்வையைக் காத்ததோடு அளவின் பிழையையும் நீக்குகிறது. அட்டையில் விழும் புள்ளியை நோக்கப் பழகிய கண், கற்றையின் பாதையிலிருந்து விலகியே நிற்கிறது. கற்றையின் சாய்வையும் அதுவே கண்டறிகிறது. காப்புமுறை வேறு, செய்நேர்த்தி வேறு என்று பிரித்து எண்ணுவோர் அவசரம் வரும்போது முதலில் காப்பைக் கைவிடுகின்றனர். இரண்டும் ஒன்றே என அறிந்தோர்க்கு அத்தகைய நிலை நேர்வதில்லை.

நூல் பிடித்த கொத்தனார் முதல் கல்லை வைக்கும் முன் முளைகளை இருமுறை சரிபார்த்தார். ஒளி பிடிக்கும் இன்றைய தொழில்நுட்பருக்கும் கடமை அதுவே. எங்கிருந்து, எதன் மீது, தவறினால் எங்கே என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்த பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பறையின் நீளத்தை அளவு நாடாவால் நேராகவும், பின் ஒரு முனையை ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தியும் அளந்து, இரு அளவுகளின் வேறுபாட்டைக் கணக்கிட்டு ஒப்பிடுக.

2. லேசர் கருவி இயங்கும் இடத்தில் வைப்பதற்குரிய எச்சரிக்கைப் பலகை ஒன்றைத் தமிழில் எழுதி வடிவமைக்க.

3. கொத்தனார், தச்சர் ஆகியோர் நேர்மை, மட்டம், செங்குத்து ஆகியவற்றை அறியப் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களை உங்கள் ஊரில் கேட்டறிந்து தொகுக்க.